ஒன்பது நாள் லீவு: வீடா, ஒரே ஊரா, மௌனமா, மலையா?

இரண்டு பக்கமும் சனி ஞாயிறு இருக்க, நடுவில் ஐந்து நாள் லீவு போட்டால் ஒன்பது நாள் சேரும். இடையில் ஒரு அரசு விடுமுறை விழுந்தால் நாலு நாள் லீவே போதும். வேலைக்குப் போகிற பலருக்கு வருடத்தில் ஒருமுறைதான் இப்படி அமையும். உடனே எல்லோரும் கேட்கிற கேள்வி, "எங்கே போகலாம்?" அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு: உங்களுக்கு இருப்பது எந்தக் களைப்பு?

மூன்று விதமான களைப்பு உண்டு. தூக்கம் பாக்கி விழுந்த களைப்பு ஒன்று. பேச்சு, சத்தம், ஃபோன், மீட்டிங் என்று ஓயாமல் பதில் சொல்லிச் சொல்லி வந்த களைப்பு இரண்டாவது. ஒரே மாதிரி நாட்களால் வந்த சலிப்பு மூன்றாவது. எது உங்களுடையது என்று தெரிய, அடுத்து வரும் இரண்டு விடுமுறை நாட்களில் அலாரம் வைக்காமல் தூங்கிப் பாருங்கள். வேலை நாளைவிட இரண்டு மணி நேரத்துக்கு மேல் கூடுதலாகத் தூங்கினால் முதல் வகை. தூக்கம் சரியாக இருந்தும் ஃபோன் அடித்தாலே எரிச்சல் வருகிறதென்றால் இரண்டாவது. இரண்டும் இல்லை, ஆனால் போன வாரத்துக்கும் அதற்கு முந்தைய வாரத்துக்கும் வித்தியாசம் சொல்ல முடியவில்லை என்றால் மூன்றாவது.

இதைப் பார்க்காமல் முடிவெடுப்பதால்தான் தூக்கமில்லாதவர் விடிகாலை ஐந்து மணிக்குச் சுற்றுலா பஸ் ஏறி ஒரே நாளில் ஆறு கோயில் பார்க்கிறார். சலிப்பில் இருப்பவர் ஒன்பது நாளும் சோபாவில் படுத்து ஃபோனைத் தள்ளிக்கொண்டிருக்கிறார். இருவருமே போனதைவிடக் களைத்துத்தான் ஆபீஸுக்குத் திரும்புகிறார்கள்.

இன்னொரு விஷயத்தையும் மனதில் வைக்க வேண்டும். நெதர்லாந்தில் 54 ஊழியர்களை, சராசரி 23 நாள் நீண்ட அவர்களுடைய விடுப்புக்கு முன்னும் இடையிலும் பின்னும் கவனித்து 2013ல் ஓர் ஆய்வு வெளியானது. அவர்களுடைய உடல்நலமும் மனநிலையும் உச்சத்தைத் தொட்டது எட்டாம் நாள் வாக்கில். வேலைக்குத் திரும்பிய முதல் வாரத்துக்குள்ளேயே எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிட்டது. அதாவது, விடுப்பின் சுகத்தைச் சேமித்து வைக்க வழியில்லை. அந்த நாட்களில் உங்களைப் பற்றி ஏதாவது கற்றுக்கொண்டிருந்தால் அது மட்டும் தங்கும். அதனால் கீழே உள்ள வழிகளை, எங்கே வசதி அதிகம் என்பதை வைத்து இல்லாமல், எது எதைக் கற்றுத்தரும் என்பதை வைத்து ஒப்பிட்டிருக்கிறோம்.

வீட்டிலேயே இருப்பது

தூக்கம் பாக்கி உள்ளவர்களுக்கு இதுதான் முதல் மருந்து. முதல் மூன்று இரவு உடம்பு கேட்கிற அளவு தூங்குங்கள். நாலாம் நாளிலிருந்து எழும் நேரத்தை ஒரே நேரமாக்குங்கள். படுக்கும் நேரத்தைவிட எழும் நேரம்தான் முக்கியம். அது நிலைத்தால் தூக்கம் வரும் நேரம் தானாக ஒழுங்காகிவிடும். மதியம் படுத்தால் இருபது முப்பது நிமிடம் போதும், மூன்று மணிக்கு முன்னால். அதற்கு மேல் நீண்டால் எழும்போது தலை கனக்கலாம், ராத்திரித் தூக்கமும் கெடலாம்.

இதைக் கெடுப்பது ஒரே வாசகம்: "வீட்லதானே இருக்கீங்க?" கீசர் ரிப்பேர், ஆதார் திருத்தம், பேங்க் வேலை, அத்தை வீட்டு விசேஷம் எல்லாம் இந்த ஒன்பது நாளைத் தேடி வந்து உட்காரும். அத்தனையையும் ஒரே நாளில் முடியுங்கள், செவ்வாயோ புதனோ. அந்த நாளுக்குள் முடியாதது லீவு முடிந்த பிறகு. ஆபீஸ் வாட்ஸாப் குழுக்களை மியூட் செய்தால் மட்டும் போதாது, கை தன்னால் திறந்து பார்க்கும். ஆர்க்கைவ் செய்து கண்ணில் படாமல் வையுங்கள். மெயிலில் தானாகப் போகும் பதிலில் "அவசரம் என்றால் என்னை அழைக்கவும்" என்று எழுதாதீர்கள். அந்த வரி இருந்தால் எல்லாமே அவசரம்தான். யாரைக் கேட்க வேண்டும் என்று இன்னொருவர் பெயரைப் போடுங்கள்.

வீட்டைச் சுமக்கிற பெண்களுக்கு வீட்டிலிருப்பது ஓய்வே இல்லை. லீவு போட்டுவிட்டு மூன்று வேளையும் அடுப்படியில் நிற்பதற்கு ஆபீஸ் எவ்வளவோ மேல். அப்படிப்பட்ட வீட்டில் இந்த வழியைத் தேர்ந்தெடுப்பதாக இருந்தால், லீவுக்கு ஒரு வாரம் முன்பே பொறுப்புகளைத் தாளில் எழுதி ஒப்படைக்க வேண்டும்: கேஸ் புக்கிங், தண்ணி கேன், பால், ஸ்கூல் வேன், மாமியாருக்கு மாத்திரை நேரம், இட்லி மாவு எந்த நாளில் அரைப்பது. "என்ன சமைக்கட்டும்?" என்ற கேள்வியையும் சேர்த்து ஒப்படைக்க வேண்டும். அடுத்தவர் சமைக்க, என்ன சமைப்பது என்று நீங்கள் முடிவெடுத்துக்கொண்டிருந்தால் பாதி வேலை இன்னும் உங்களிடம்தான். வீட்டார் இதற்கு ஒத்துவர மாட்டார்கள் என்று தெரிந்தால் தயங்காமல் வெளியூர் போங்கள்.

இந்த வழி கற்றுத்தருவது, "இல்லை, முடியாது" என்று சொல்வதும் அதைச் சொன்ன பிறகு வரும் குற்ற உணர்ச்சியோடு சும்மா இருப்பதும். கேட்கச் சின்னதாகத் தெரியும், வருடம் முழுக்கப் பயன்படும்.

ஒரு எச்சரிக்கை. ஒன்பது நாள் நன்றாகத் தூங்கியும் களைப்பு அப்படியே இருந்தால் அது லீவால் தீர்கிற களைப்பாக இல்லாமல் இருக்கலாம். ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, பி12 பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். எதிலும் மனம் ஒட்டாமல் இரண்டு வாரத்துக்கு மேல் ஓடினால் டெலி மானஸ் மனநல உதவி மையத்தை 14416 எண்ணில் அழைக்கலாம். கட்டணம் இல்லை, தமிழிலும் பேசுவார்கள்.

ஒரே ஊரில் ஏழு இரவு

சலிப்புக்கு இதைவிட நல்ல வழி இல்லை என்பது எங்கள் தீர்மானமான கருத்து. ஐந்து ஊர் சுற்றுவதைவிட ஒரே ஊர் ஏன்? முதல் காரணம் தூக்கம். புது இடத்தில் முதல் இரவு மூளையின் ஒரு பாதி மற்றதைவிட விழிப்பாகவே இருக்கிறது என்று பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016ல் பதிவு செய்தார்கள். நாலு ஊர், நாலு அறை என்றால் நாலு அரைத் தூக்கம். இரண்டாவது காரணம், அறை மாறும் ஒவ்வொரு நாளிலும் பெட்டி கட்ட, காலி செய்ய, பஸ் பிடிக்க, புது அறைக்குக் காத்திருக்க என்று முக்கால் நாள் போய்விடும்.

உதாரணத்துக்குக் கும்பகோணத்தை எடுத்துக்கொள்வோம். தாராசுரம் நாலு கிலோமீட்டர், சுவாமிமலை எட்டு கிலோமீட்டருக்குள், தஞ்சாவூர் நாற்பது, கங்கைகொண்ட சோழபுரம் ஏறக்குறைய முப்பத்தைந்து. மாயவரம் போய் பஸ் மாறினால் தரங்கம்பாடிக் கடலும் 1620ல் டேனிஷ்காரர்கள் எழுப்பிய கோட்டையும். எல்லாமே காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பும் தூரம். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021லிருந்து கட்டணம் இல்லை. சென்னையிலிருந்து இரவு ரயிலும் உண்டு, பகல் ரயிலும் உண்டு. முன்பதிவு 60 நாள் முன்புதான் திறக்கும் என்பதால் லீவு உறுதியான அன்றே காலண்டரில் அந்தத் தேதியைக் குறித்துவிடுங்கள்.

மாதம் பார்த்துப் போக வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழை. சித்திரை, வைகாசி வெயில் நடக்க விடாது. தை, மாசிதான் சரி: வயலில் அறுப்பு, காலையில் பனி. மார்கழியும் நல்லதுதான், ஆனால் விடியுமுன்பே கோயில் ஒலிபெருக்கி திருப்பாவையைத் தொடங்கிவிடும். தூக்கம் பாக்கி உள்ளவர் கோயிலை ஒட்டி அறை எடுக்கக் கூடாது. பஸ் ஸ்டாண்டைப் பார்த்த அறையும் வேண்டாம். பின்பக்கம் பார்த்த அறை என்று கேட்டு வாங்குங்கள். தனி ஆளுக்கு அறை, சாப்பாடு, பஸ், ரயில் எல்லாம் சேர்த்து ஏழு இரவுக்குப் பதினைந்தாயிரம் ரூபாய்க்குள் அடக்கலாம், ஏசி இல்லாத அறை என்றால் இன்னும் குறையும்.

ஒரு நாளைக்கு ஒரு இடம். இதை மீறாமல் இருப்பதுதான் கஷ்டம். கோயில்கள் நண்பகல் பன்னிரண்டு மணிக்கு நடை சாத்தி நாலு மணிக்குத்தான் திறக்கும். பட்டியல் போட்டு வருகிறவர்கள் இந்த நாலு மணி நேரத்தைத் திட்டித் தீர்ப்பார்கள். இந்தப் பயணத்தின் சாரமே அதில்தான் இருக்கிறது. சாப்பிட்டுவிட்டுப் படுக்கலாம், மகாமகக் குளத்துப் படியில் நிழல் தேடி உட்காரலாம், ஒன்றும் செய்யாமல் இருக்கலாம். முதல் இரண்டு நாள் கை பரபரக்கும். மூன்றாம் நாள் போரடிக்கும், ஊருக்குத் திரும்பிவிடலாமா என்று தோன்றும். அதைத் தாண்டினால் கண் திறக்கும். காலையில் தோசைக்குக் கடப்பா என்கிற பருப்புக் குழம்பை ஊற்றுகிற கடைக்காரர் உங்களைக் கேட்காமலே இரண்டாவது கரண்டி ஊற்றுவார். அந்த ஊரில் உங்களுக்கு ஒரு இடம் கிடைத்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம்.

தாராசுரத்தில் இதை நேரிலேயே சோதித்துப் பார்க்கலாம். இரண்டாம் ராஜராஜன் காலத்துக் கோயில், 12ஆம் நூற்றாண்டு. கருவறையைச் சுற்றிய அடிப்பகுதியில் நாயன்மார் கதைகள் சாண் உயரம்கூட இல்லாத சிற்பங்களாக வரிசையாக இருக்கின்றன. நின்றபடி பார்த்தால் வெறும் கல் வரிசை. தரையில் உட்கார்ந்து, ஒன்றுக்குப் பத்து நிமிடம் கொடுத்தால்தான் யார் யாரென்று பிரிந்து வரும். ஒரு காலையில் ஆறேழு கதைக்கு மேல் பார்க்க முடியாது.

சுவாமிமலையில் செப்புத் திருமேனி வார்க்கும் பட்டறைகளில் அனுமதி கேட்டு உட்கார்ந்து பார்க்கலாம். தேன்மெழுகும் குங்கிலியமும் கொஞ்சம் கடலை எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகைக் கையில் உருட்டி, விரலாகவும் இடுப்பாகவும் கிரீடமாகவும் இழைக்கிறார்கள். அளவுக்கு ஸ்கேல் கிடையாது. தென்னை ஓலைக் கீற்று ஒன்றை மடித்து மடித்துப் பங்கு பிரிக்கிறார்கள். மெழுகு உருவத்தின் மேல் காவிரி வண்டல் மண்ணை மெல்லிய பூச்சாக முதலில் பூசிக் காயவிட்டு, அடுத்த பூச்சு. அவசரப்பட்டு ஈரத்தோடு சூடேற்றினால் அச்சு வெடிக்கும். மெழுகு உருகி வெளியேறிய வெற்றிடத்தில் உலோகம் ஊற்றி, ஆறிய பிறகு அச்சை உடைக்கிறார்கள். ஓர் அச்சுக்கு ஓர் உருவம்தான், பிழை இருந்தால் மறுபடி மெழுகிலிருந்து. எதையும் தொடாதீர்கள், கேட்காமல் படம் எடுக்காதீர்கள், வேலை நடக்கும்போது கேள்வி கேட்காதீர்கள். டீ குடிக்க எழும்போது கேளுங்கள்.

இந்த வழியில் கைவருவது பொறுமையும், முன்பின் தெரியாதவரிடம் கூச்சமில்லாமல் பேசுவதும். தனியாகப் போனால்தான் இரண்டாவது நடக்கும். நண்பர்களோடு போனால் நண்பர்களோடேயே பேசிக்கொண்டிருப்போம்.

பத்து நாள் மௌனம்: விபாசனா

சத்தத்தாலும் பதில் சொல்வதாலும் களைத்தவருக்கு இது பொருந்தும், ஆனால் இதை ஓய்வு என்று நினைத்துப் போகிறவர் ஏமாந்துபோவார். இது கடும் உழைப்பு. மியான்மரின் மாண்டலேயில் பிறந்து, தியான ஆசிரியர் ஊ பா கின்னிடம் கற்று, 1969ல் இந்தியாவில் கற்பிக்கத் தொடங்கிய கோயங்காவின் தியான வழிமுறை. சென்னைக்குப் பக்கத்தில் திருமுடிவாக்கத்தில் தம்ம சேது மையம் இருக்கிறது. இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும், இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும். கட்டணம் கிடையாது; முடித்த பிறகு விரும்பினால் நன்கொடை.

லீவு கணக்கில் பலர் இங்கேதான் தவறுகிறார்கள். பத்து நாள் வகுப்பு என்றாலும் காலண்டரில் பன்னிரண்டு நாள் ஆகும். சேர்வது ஒரு புதன் மாலை என்றால் வெளியே வருவது மறு வாரம் ஞாயிறு காலை. எட்டு வேலை நாள் லீவு வேண்டும். ஒன்பது நாள் விடுப்புக்குள் இதைத் திணிக்க முடியாது, பாதியில் கிளம்பவும் அனுமதி எளிதில் கிடையாது.

காலை நாலு மணிக்கு மணி அடிக்கும். நாலரைக்குத் தொடங்கி இரவு ஒன்பது வரை, இடைவேளைகள் போக ஏறக்குறைய பத்து மணி நேரம் உட்கார வேண்டும். காலை ஆறரைக்குச் சிற்றுண்டி, பதினொரு மணிக்குச் சாப்பாடு, மாலை ஐந்துக்குப் புதியவர்களுக்கு டீயும் பழம் போன்ற இலேசான ஆகாரமும். அதோடு அன்றைய சாப்பாடு முடிந்தது. ஃபோன், புத்தகம், பேனா எதுவும் கிடையாது. பேச்சு மட்டுமில்லை, சைகையும் கூடாது. முதல் மூன்று நாள் மூக்கு வாசலில் மூச்சைக் கவனிப்பது. நாலாம் நாள்தான் உடம்பில் தலையிலிருந்து கால்வரை உணர்வுகளைக் கவனிக்கும் பயிற்சி. அதன்பின் தினம் மூன்று முறை ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார முயல வேண்டும்.

அந்த ஒரு மணி நேரத்தில் நடப்பது இது. இருபதாவது நிமிடம் வலது முட்டியில் சின்ன நெருப்பு. முப்பதில் அது தொடை வரை ஏறும். நாற்பதில் "முட்டி போய்விடும், நாளைக்கு நடக்க முடியாது" என்று மனம் வாதாடத் தொடங்கும். வலியையும் அந்த வாதத்தையும் தனித்தனியாகப் பார்க்க முடிகிற ஒரு நிமிடம் எப்போதாவது வரும். ஆபீஸில் ஒரு மெயிலைப் பார்த்ததும் கை பதில் அடிக்கப் போகும் முன் அரை நொடி நிற்பதற்கு இங்கேதான் பயிற்சி கிடைக்கிறது. உண்மையிலேயே முட்டி, முதுகுக் கோளாறு உள்ளவர்கள் வீம்புக்குத் தரையில் உட்கார வேண்டாம். நாற்காலி கேட்டால் தருவார்கள், முதல் நாளே கேளுங்கள்.

இரண்டாம் நாளும் ஆறாம் நாளும் ஓடிவிடத் தோன்றும் நாட்கள் என்று மையங்களில் சொல்வதுண்டு. இரண்டாம் நாள் தலைவலிக்குக் காப்பியும் ஒரு காரணம். நாளைக்கு நாலு டம்ளர் குடித்தவருக்கு அது திடீரென்று குறைந்தால் ஒரு நாளுக்குள் தலைவலி தொடங்கி, இரண்டாம் நாளில் உச்சத்துக்குப் போகும். கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பிருந்தே இரண்டு மூன்று நாளைக்கு ஒரு டம்ளராகக் குறைத்துக்கொண்டு வந்தால் இந்தத் தொல்லை இல்லை. தளர்வான பருத்தி உடை, மெல்லிய போர்வை, கொசுவிரட்டி, டார்ச், ஃபோன் இல்லாததால் ஒரு சாதாரணக் கடிகாரம், வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகள் இவை போதும்.

மனச்சோர்வு, பீதித் தாக்குதல் போன்றவற்றுக்குச் சிகிச்சையில் இருப்பவர்கள், அண்மையில் பெரிய இழப்பைச் சந்தித்தவர்கள் இதை முதல் தேர்வாக எடுக்க வேண்டாம். பத்து நாள் வெளியுலகம் இல்லாமல் மனதோடு தனியே இருப்பது சிலருக்குப் பழைய காயங்களைத் தாங்க முடியாத அளவுக்குக் கிளறிவிடும். மருத்துவரைக் கேட்டு, விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுதுங்கள். மாத்திரையை நிறுத்திவிட்டுப் போவது ஆபத்து.

பாதி மௌனம்: திருவண்ணாமலை

விபாசனாவுக்கு லீவோ துணிவோ போதவில்லை என்பவர்களுக்கு இது நல்ல நடுவழி. ரமணர் 1896ல் பதினாறு வயதில் வந்து, 1950ல் மறையும்வரை விட்டு நீங்காத ஊர். ரமணாசிரமத்தில் தங்க முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும்; முதல்முறை வருகிறவர்களுக்கு பெரும்பாலும் மூன்று நாள் அளவில்தான் அனுமதி. மேலும் இருக்க நினைத்தால் செங்கம் சாலைப் பக்கம் அறைகள் உண்டு. பௌர்ணமியையும் கார்த்திகை தீபத்தையும் தவிர்த்து நாள் பாருங்கள். அந்த நாட்களின் பக்தி வேறு, நீங்கள் தேடும் அமைதி வேறு.

கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். செருப்பில்லாமல் நடந்து பழக்கமில்லாதவர் ஒரே மூச்சில் நடந்தால் ஏழெட்டு கிலோமீட்டரில் பாதம் கொப்புளிக்கும். கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்து தினம் அரை மணி நேரம் வெறுங்காலில் நடந்து பழகுங்கள், காலை நாலு மணிக்குத் தொடங்கி எட்டுக்குள் முடியுங்கள். அதற்குப்பின் தார் சுடும். ஆசிரமத்தின் பின்பக்கத்திலிருந்து கந்தாசிரமம், விரூபாட்ச குகைக்கு ஏறும் பாதையில் கையில் பழம் வேண்டாம், குரங்குகள் பிடுங்கும்.

இங்கே யாரும் மணி அடித்து எழுப்ப மாட்டார்கள். பழைய ஹாலில் உட்காரலாம், உட்காராமலும் இருக்கலாம். யாரும் சொல்லாமல் தன் நாளைத் தானே வகுத்துக்கொள்ள முடிகிறதா என்று இங்கே தெரிந்துவிடும். பலருக்கு முடிவதில்லை. இரண்டாம் நாளே காப்பிக் கடை, ஃபோன் என்று பழைய தடத்துக்குப் போய்விடுகிறார்கள். ஃபோனை அறையில் பூட்டிவிட்டு வெளியே வருவது மட்டும்தான் இதற்கு வழி.

மலை

குழந்தைகளோடு, வயதானவர்களோடு மூன்று நாள் சந்தோஷமாக இருக்க மலைவாசஸ்தலம் அருமையான இடம். தனக்குள் ஏதாவது மாற வேண்டும் என்று போகிறவருக்கு இதைச் சொல்ல மாட்டோம். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் சொந்த வண்டியிலோ வாடகை வண்டியிலோ போக, உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேண்டும். வாங்காமல் போய்ச் சோதனைச் சாவடியில் நிற்காதீர்கள். திங்கள் ஏறி வியாழன் இறங்குவது நல்லது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர் மலை ரயிலில் டிக்கெட் கிடைத்தால், ஏறக்குறைய ஐந்து மணி நேரம் அவசரமே இல்லாமல் உட்கார்ந்திருப்பதுதான் அந்தப் பயணத்தில் கிடைக்கிற சிறந்த ஓய்வு.

எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படித் திரும்புவது

தூக்கம் பாக்கி உள்ளவர் எங்கே போவதாக இருந்தாலும் முதல் மூன்று இரவை வீட்டில் கழித்துவிட்டு, பிறகு ஐந்து இரவுக்கு ஒரே ஊர். சத்தத்தில் களைத்தவருக்கு ஒன்பது நாள்தான் கிடைக்கும் என்றால் திருவண்ணாமலை, பன்னிரண்டு நாள் கிடைத்தால் விபாசனா. சலிப்புக்கு ஒரே ஊர், தனியாக. மௌனத்தையும் ஊர் சுற்றுவதையும் ஒரே விடுப்பில் சேர்க்காதீர்கள். மையத்திலிருந்து வெளியே வந்ததும் பஸ் ஹாரனே அறைவது போலக் கேட்கும், அதோடு கோயில் கூட்டத்தில் நிற்க முடியாது.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஞாயிறு இரவு வந்து இறங்காதீர்கள். சனிக்கிழமையே வந்துவிடுங்கள், விபாசனாவுக்குப் போனவர் திங்களுக்கும் சேர்த்து லீவு எழுதுவது நல்லது. துணி துவைத்து, மாவு அரைத்து, காய் வாங்கி வைத்த வீட்டிலிருந்து ஆபீஸ் போவதும், பெட்டி பிரிக்காத வீட்டிலிருந்து போவதும் ஒன்றில்லை. அந்த நாளிலேயே ஒரு பக்கம் எழுதுங்கள்: எந்த நேரத்தில் எரிச்சல் வந்தது, எது இல்லாமல் இருக்க முடிந்தது, யாரிடம் பேசியது பிடித்தது. அதிலிருந்து ஒரே ஒரு பழக்கத்தை எடுங்கள். விபாசனா முடித்தவர்களுக்குக் காலை ஒரு மணி, மாலை ஒரு மணி உட்காரச் சொல்வார்கள். ஒரு வாரத்தில் விட்டுவிடுகிறவர்களே அதிகம், காலையில் அரை மணி என்று வைத்துக்கொண்டால் நிற்கும். கும்பகோணம் போய்வந்தவர் வாரம் ஒரு சாயங்காலம் தன் ஊரிலேயே தெரியாத ஒரு தெருவில் நடக்கலாம். வீட்டில் இருந்தவர் இரவு ஒன்பதரைக்கு ஃபோனை வேறு அறையில் சார்ஜ் போடலாம்.

ஆபீஸ் திரும்பிய முதல் நாள் மெயில் திறக்கும் முன், அடுத்த மூன்று மாதத்துக்குள் ஒரு வியாழனும் வெள்ளியும் பார்த்து லீவு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.